ஒளியால் அடங்கும் அணு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு ஒரு மாறுதலாக விஞ்ஞானத்தைப் பற்றியும் ஓர் உரை இருக்கட்டும் எனச் செயற்குழுவினர் விரும்பினர். அப்பணியை எனக்கு அளித்தனர். நான் விஞ்ஞானி அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். ஆயினும் எனக்கு ஒரு துணிவு உண்டு. ஒரு விஞ்ஞான உண்மை தமிழில் வேரூன்றிவிட்டதா என்பதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: கல்லூரி வாசலை மிதியாத ஒருவன், கல்லூரி வாசலை மிதியாத இன்னொருவனுக்கு அதைத் தாய்மொழியில் விளக்க முடிகிறதா என்பதே அச்சோதனை. அதற்கு இன்று என்னையே உட்படுத்திக் கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், ஒளியைக் கொண்டும் மின்புலத்தைக் கொண்டும் மிகச் சிறு துகள்களைப் பிடித்து நிறுத்திக் குளிர்விக்கும் கலை. "ஒளி சுடுமே தவிரக் குளிர்விக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதற்கு முன், இக்கலை எதற்காக வேண்டும் என்பதைக் கூறிவிடுகிறேன். நேரத்தைச் சரியாக அறிவதற்காகவே அது முதன்மையாக வேண்டும். ஆகவே நேரத்திலிருந்தே தொடங்குவோம்.

ஊருக்கு ஒரு நேரம்

நம் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவின் கோடியில் நிற்கும் மணிக்கூண்டை அறியாதவர் இங்கு எவரும் இலர். 1760-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. அதன் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளும் மற்றொரு முகத்தில் ரோமன் எண்களும் விளங்குகின்றன. பல மொழியினர் வாணிகம் செய்த துறைமுகத்தில், அவரவர்க்குத் தெரிந்த எழுத்தில் நேரம் காட்ட வேண்டியிருந்தது. ஆனால், எழுத்து பலவாயினும் காட்டிய நேரம் ஒன்றே. அது இந்த ஊரின் நேரம். சூரியன் இவ்வூரின் தலைக்கு மேல் வரும்போது இவ்வூருக்கு நண்பகல். சென்னைக்கு அதற்குச் சிறிது முன்னதாகவே நண்பகல் ஆகிவிடும். ஊருக்கு ஒரு நேரம் என்பதே அக்கால வழக்கம்.

புகைவண்டி வந்த பிறகு இவ்வழக்கம் செல்லவில்லை. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் இரண்டு ஊர்களின் நேரத்தை நம்பி ஓடுமானால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்திய இருப்புப்பாதைகளுக்கு ஒரு பொது நேரம் தேவைப்பட்டது. அப்போது தெரிந்தெடுக்கப்பட்டது எது தெரியுமா? சென்னை நேரம்! கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வுக் கூடம் கணித்துத் தந்த நேரம் அது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஊர்க்கடிகாரங்கள் வேறு நேரம் காட்டிய நாளிலும், நாட்டின் புகைவண்டிகள் சென்னை நேரப்படி ஓடின. 1902-இல் ஷொரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்குப் பாதை திறக்கப்பட்ட போது, இன்று நாம் அறியும் இந்தியத் திட்ட நேரம் பிறந்திருக்கவே இல்லை. அது 1906 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

நுங்கம்பாக்கத்தார் நேரத்தை எவ்வாறு கணித்தனர்? விண்மீன்கள் உச்சியைக் கடப்பதைத் தொலைநோக்கியால் பார்த்துக் கணித்தனர். அதாவது, பூமி சுழல்வதையே கடிகாரமாகக் கொண்டனர். ஆனால் பூமியின் சுழற்சி சீரானதன்று. கடலின் ஏற்றவற்றம் அதனைச் சிறிது சிறிதாகத் தேக்குகிறது. இதனை உணர்ந்த உலக நாடுகள், 1967-இல் பூமியைக் கைவிட்டு அணுவைப் பற்றிக்கொண்டன. சீசியம் என்னும் தனிமத்தின் அணு ஒரு குறிப்பிட்ட அதிர்வை உடையது. அவ்வதிர்வு 919,26,31,770 முறை நிகழும் காலமே ஒரு விநாடி என அன்று வரையறுக்கப்பட்டது. அவ்வரையறையே இன்றும் வழங்குகிறது.

அணுவை ஏன் நம்பினார்கள்? ஊசற்குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். வெயிலில் அதன் தண்டு நீளும், குளிரில் சுருங்கும். ஆனால் கொச்சியில் உள்ள சீசிய அணுவும் காசியில் உள்ள சீசிய அணுவும் ஒன்றே. அதற்குத் தேய்மானம் இல்லை. எண்ணெய் இட வேண்டியதில்லை. உரிமையாளன் மாறினாலும் அதன் குணம் மாறாது. இயற்கை தானே அச்சிட்டுக் கொடுத்த கடிகாரம் அது.

ஓடும் அணுவும் ஊதும் வண்டியும்

இங்கேதான் ஓர் இடையூறு எழுந்தது. அணு ஓரிடத்தில் நிற்பதில்லை. வெப்பம் என்று நாம் சொல்வதே அணுக்களின் ஓட்டம்தான். இம்மண்டபத்துக் காற்றின் மூலக்கூறுகள் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கின்றன. மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும் விரைவு வண்டியைப் போலப் பதினோரு மடங்கு வேகம் அது.

ஓடுகிற பொருளின் அதிர்வை அளப்பது எளிதன்று. நிலைய மேடையில் நின்று, நில்லாமல் செல்லும் வண்டியின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஊதல் உச்சத்தில் ஒலிக்கும். நம்மைக் கடந்து போனவுடன் தாழ்ந்துவிடும். ஓட்டுநர் ஊதலை மாற்றவில்லை. ஓட்டம் அதை மாற்றிற்று. டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1842-இல் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். ஒலிக்கு உள்ள இந்நியதி ஒளிக்கும் உண்டு. எனவே, ஓடும் அணுவின் அதிர்வு உள்ளபடி நமக்குத் தெரியாது. கூட்டியோ குறைத்தோ தெரியும். அதுவுமன்றி, மின்னலைப் போல் ஓடிவிடும் அணுவை நெடுநேரம் பார்க்கவும் இயலாது. சரியாக அளக்க வேண்டுமாயின் அணு அடங்கி நிற்க வேண்டும்.

"குளிரூட்டினால் அடங்கிவிடுமே!" என்று தோன்றலாம். குளிரூட்டினால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீர்மமாகும், திடப்பொருளாகும். பக்கத்து அணுவின் தொல்லையால் ஒவ்வோர் அணுவின் அதிர்வும் மாறிவிடும். நமக்கு வேண்டுவது தனித்து நிற்கும் அணு. ஆயினும் அடங்கி நிற்கும் அணு. அதைப் பாத்திரத்தில் வைக்கவும் முடியாது. பாத்திரத்தின் சுவரைத் தொட்டதும் சுவரின் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். ஆகவே, சுவரில்லாத பாத்திரம் ஒன்று வேண்டும். தொடாமல் பிடிக்கும் கை ஒன்று வேண்டும். அந்தக் கைகள்தாம் ஒளியும் மின்புலமும்.

ஒளிக்கும் தள்ளும் ஆற்றல் உண்டு

வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர், 1619-இலேயே சூரிய ஒளிதான் அதைத் தள்ளுகிறது என்று எழுதினார். 1901-இல் ரஷ்ய அறிஞர் லெபதேவ் வெற்றிடக் கலத்தில் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு, ஒளியின் அழுத்தத்தை அளந்து காட்டினார். அது மிக மெல்லிய அழுத்தம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயில் தரும் அழுத்தம் ஒரு மில்லிகிராம் எடைக்கும் குறைவு. வெயிலில் நின்றால் நமக்கு வியர்க்கிறதே தவிர, வெயில் நம்மைத் தள்ளுவது தெரிவதில்லை.

ஆனால், அணுவும் எடையில் மிக மிகச் சிறியதன்றோ! ஒளி துகள் துகளாக வருகிறது. ரூபிடியம் என்னும் தனிமத்தின் அணு ஒன்று, தன் எதிரே வரும் ஒளித்துகள் ஒன்றை விழுங்கினால் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் குறைகிறது. விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் அணுவுக்கு இது எம்மாத்திரம் என்று எண்ண வேண்டாம். விழுங்கிய ஒளியை உமிழ்ந்துவிட்டு உடனே அடுத்ததை விழுங்கும் அவ்வணு, ஒரு விநாடியில் ஒரு கோடி முறைக்கும் மேலாக அவ்வாறு செய்ய வல்லது. சுமார் 50,000 ஒளித்துகள்கள் மோதினால் அணு நின்றுவிடும். அதற்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளே போதும். உமிழப்படும் ஒளி எத்திசையிலும் செல்லக் கூடுமாகையால், உமிழும்போது ஏற்படும் உதைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். விழுங்கும்போது ஏற்படும் உதைகளோ ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும்.

எதிர்ப்பவனை மட்டும் தடுக்கும் வாயிற்காவலன்

ஆனால், ஒளிக்கு ஓர் அறிவு வேண்டும். தன்னை எதிர்த்து வரும் அணுவைத் தள்ள வேண்டும். தன்னோடு போகும் அணுவைத் தள்ளக் கூடாது. தள்ளினால் அதன் வேகம் கூடிவிடும். இவ்வறிவை ஒளிக்கு ஊட்டும் வழியை 1975-இல் ஹென்ஷ், ஷாலோ என்னும் இருவரும், வைன்லாந்து, டெமெல்ட் என்னும் வேறிருவரும் தனித்தனியே கண்டனர். மேலே சொன்ன புகைவண்டி ஊதலே அவ்வழி!

ஒவ்வோர் அணுவும் தனக்கு உகந்த அதிர்வெண் உடைய ஒளியையே விழுங்கும். லேசர் விளக்கின் ஒளியை அவ்வதிர்வெண்ணுக்குச் சற்றே தாழ்வாகச் சுருதி கூட்டி வைப்பார்கள். அசையாது நிற்கும் அணுவுக்கு அது சுருதி சேராத ஒளி. அதைப் பெரிதும் பொருட்படுத்தாது. ஒளியை நோக்கி ஓடிவரும் அணுவுக்கோ, எதிரே வரும் வண்டியின் ஊதலைப் போல், அவ்வொளியின் சுருதி உயர்ந்து தோன்றும், தனக்கு உகந்ததாகிவிடும். உடனே விழுங்கும், தள்ளுண்டு வேகம் தணியும். ஒளியை விட்டு விலகி ஓடும் அணுவுக்குச் சுருதி இன்னும் தாழ்ந்து தோன்றுமாதலால், அது தொடப்படாமலே போகும். முன் பின், இடம் வலம், மேல் கீழ் என ஆறு திசைகளிலிருந்தும் இத்தகைய ஒளிக்கற்றைகளைச் செலுத்திவிட்டால், அணு எப்பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு வாயிற்காவலன் எதிர்ப்படுவான்.

1985-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சூவும் அவர் குழுவினரும் இதனைச் செய்து காட்டினர். சோடிய அணுக்கள், ஒளிக்கற்றைகள் கூடுமிடத்தில், வெல்லப்பாகில் விழுந்த எறும்புபோல் நகரமாட்டாமல் தவித்தன. ஆகவே அதற்கு அவர்கள் இட்ட பெயரும் 'ஒளிப்பாகு' என்னும் பொருள்படுவதே. அவ்வணுக்களின் வெப்பநிலை, தனிப்பூச்சியத்திற்கு மேல் ஒரு பாகையில் பத்து லட்சத்தில் 240 பங்கு மட்டுமே. தனிப்பூச்சியம் என்பது நம் கணக்கில் பனிநிலைக்குக் கீழே 273 பாகை. அதற்கும் கீழே குளிர்ச்சி இல்லை. விநாடிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் பறந்திருக்க வேண்டிய அணுக்கள், விநாடிக்கு அரை மீட்டர் அளவில் குழந்தை நடையாக நடந்தன. 1988-இல் வில்லியம் பிலிப்ஸ் அளந்தபோது, கணக்கு அனுமதித்ததைவிட மிகத் தாழ்ந்த குளிர்ச்சியே கிடைத்திருந்தது. அதன் காரணத்தை விளக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் கோயன்-தனூஜி. இம்மூவர்க்கும் 1997-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அணுவின் வெப்பம் எங்கே போயிற்று? அதை ஒளியே சுமந்து சென்றது. தாழ்ந்த சுருதியில் விழுங்கிய ஒளியை அணு சற்று உயர்ந்த சுருதியில் உமிழ்கிறது. உயர்ந்த சுருதி உள்ள ஒளிக்கு ஆற்றல் அதிகம். வாங்கியது குறைவு, கொடுத்தது அதிகம். ஆகவே கையிருப்பு கரைகிறது. கணக்குப் பேரேடு எழுதுவோர்க்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

சுழலும் சேணத்தில் நிற்கும் குண்டு

இனி, மின்புலத்திற்கு வருவோம். அணு ஒன்று தன் மின்னணுவை இழந்தால், அது மின்னேற்றம் பெற்று அயனி எனப்படும். மின்னேற்றம் உள்ளதை மின்தகடுகளால் பற்றலாம். 1909-இல் மில்லிக்கன் என்னும் அமெரிக்க அறிஞர் இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னேற்றம் பெற்ற எண்ணெய்த் துளியை விழாமல் அந்தரத்தில் நிறுத்தினார். ஆயினும், மேல் கீழாக நிறுத்திய துளி பக்கவாட்டில் நழுவக் கூடியதே. மாறாத மின்புலத்தைக் கொண்டு ஒரு மின்துகளை எல்லாத் திசையிலும் கட்டி நிறுத்த இயலாது என்பதை 1842-இலேயே எர்ன்ஷா என்பவர் கணிதத்தால் நிறுவிவிட்டார். ஒரு திசையில் அணைத்தால் மற்றொரு திசையில் தள்ளியே தீரும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் பான் நகரத்துப் பேராசிரியர் வொல்ப்காங் பவுல். குதிரைச் சேணத்தை நினைத்துப் பாருங்கள். அது முன்னும் பின்னும் உயர்ந்து, இரு பக்கமும் சரிந்திருக்கும். அதன் நடுவில் ஒரு குண்டை வைத்தால் பக்கத்தில் உருண்டு விழும். ஆனால் சேணத்தைத் தக்க வேகத்தில் சுழற்றினால், குண்டு சரிவில் உருளத் தொடங்குமுன் அங்கே மேடு வந்து நிற்கும். மறுபுறம் உருளுமுன் அங்கும் மேடு வரும். குண்டு நடுவிலேயே நின்றுவிடும். பவுல், தகடுகளின் மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல லட்சம் முறை மாற்றி மாற்றி இச்சுழற்சியை உண்டாக்கினார். 1950-களில் பிறந்த இவ்வமைப்புக்கு 'பவுல் பொறி' என்றே பெயர். எலிப்பொறி போன்ற பொறிதான். ஆனால் இரும்புக் கம்பி இல்லாத பொறி. 1989-இல் பவுலும் டெமெல்டும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பிடித்தாயிற்று, இனிக் குளிர்விக்க வேண்டும். 1978-இல் அமெரிக்காவின் போல்டர் நகரிலும் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலும், மின்பொறியில் சிக்கிய அயனிகள் முதன்முதலாக லேசர் ஒளியால் குளிர்விக்கப்பட்டன. ஒளியும் மின்புலமும் அன்று கைகோத்தன. அவ்வாறு அடங்கிய அயனி ஒளியை விழுங்கி உமிழ்ந்துகொண்டே இருப்பதால் ஒரு புள்ளியாக மின்னும். 2017-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் ஒருவர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரு ஊசிமுனைகளுக்கு நடுவே மிதந்த ஒற்றை ஸ்ட்ரான்ஷிய அணுவைச் சாதாரணப் புகைப்படக் கருவியாலேயே படம் பிடித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாதது அணு என்று படித்த நமக்கு, அணுவின் புகைப்படம்!

இராமன் எழுப்பிய கூடத்தில்

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டுச் செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. நம் திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது நிறம் மாறும் உண்மையை 1928 பிப்ரவரி 28-இல் கண்டறிந்து, 1930-இல் நோபெல் பரிசு பெற்றதை யாவரும் அறிவோம். அவர் 1948-இல் பெங்களூரில் நிறுவிய இராமன் ஆய்வு நிறுவனம், 1970-இல் அவர் மறைந்த பின்னும் ஒளியின் வழியே நடந்து வருகிறது. அங்கே 2012-இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

ரூபிடியத்தின் அயனியை மின்பொறியில் பிடிக்கலாம்; ஆனால் லேசரால் குளிர்விக்க முடியாது. அதற்கு உகந்த அதிர்வெண் நம் லேசர்களுக்கு எட்டாதது. ஆகவே, அதனைக் குளிர்ந்த அண்டையாரோடு வைத்துக் குளிர்விக்க வேண்டும். மின்னேற்றம் அற்ற ரூபிடிய அணுக்களை ஒளியாலும் காந்தப்புலத்தாலும் பிடித்து ஒரு சிறு குளிர்மேகமாக நிறுத்தி, அதே இடத்தில் அயனிகளையும் மின்பொறியால் நிறுத்தினர் அவ்வாய்வாளர்கள். அயனிக்குச் சமமான எடை உள்ள அணுவோடு அது மோதினால், ஓயாது மாறும் மின்புலத்தின் ஆட்டத்தால் வெப்பமே ஏறும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால், அயனிகள் குளிர்ந்தன!

ஏன்? இரண்டு காரணங்கள். குளிர்மேகம் பொறியின் நடுமையத்தில், மின்புலத்தின் ஆட்டம் மிகக் குறைந்த இடத்தில் இருந்தது. அங்கு மோதும் அயனி அமைதியையே பெற்றது. மற்றொரு காரணம் இருப்புப்பாதை ஊழியர்க்கு எளிதில் விளங்கும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் டோக்கன் உள்ள வண்டிக்குத்தான் பாதையில் இடம். விரைந்து வரும் அயனி, அடங்கி நிற்கும் அணுவை உரசிச் செல்லும்போது, அதனிடமிருந்து ஒரு மின்னணுவை வாங்கிக்கொள்கிறது. அதாவது, தன் மின்னேற்றம் என்னும் டோக்கனை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. டோக்கனை இழந்த விரைந்த அணு பொறியை விட்டு ஓடிவிடும். டோக்கனைப் பெற்ற அமைதியான அணு பொறியில் நிலைத்துவிடும். ஒரே ஓர் உரசலில் வேகம் நீங்கி, அமைதி இடம்பெற்றது. ஒரே இனத்து அணுக்களாக இருந்தமையாலேயே இக்கைமாற்று இத்துணை எளிதாயிற்று.

அணுவினும் பெரியன

பிடிக்கும் பொருள் அணுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆர்தர் ஆஷ்கின் என்னும் அமெரிக்க அறிஞர் 1970-இல் லேசர் ஒளியால் நுண்ணிய உருண்டைகளைப் பிடித்தார். மறு ஆண்டே கண்ணாடி உருண்டை ஒன்றை ஒளியின் மேல் மிதக்கவிட்டார். 1986-இல் ஒரே கற்றையால் பிடிக்கும் 'ஒளி இடுக்கி' பிறந்தது. அடுத்த ஆண்டு உயிருள்ள பாக்டீரியாவை அவ்விடுக்கியால் பிடித்தார். 2018-இல் அவர் நோபெல் பரிசு பெற்றபோது அவருக்கு அகவை 96.

2020-இல் வியன்னா நகரத்து ஆய்வாளர்கள், 143 நானோமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடித் துகளை, அதாவது தலைமயிரின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ளதை, சாதாரண அறையில் ஒளியால் மிதக்கவிட்டு, ஒரு திசையில் அதன் அசைவை இயற்கை அனுமதிக்கும் கடைசி எல்லை வரை அடக்கினர். அதில் சுமார் பத்துக் கோடி அணுக்கள் உண்டு. 2021-இல் வியன்னாவிலும் ஜூரிச்சிலும், ஒளி துகளைப் பிடித்திருக்க, அதன் அசைவைக் கணந்தோறும் அளந்து அதற்கு எதிராக மின்புலத்தை இயக்கி அடக்கினர். ஒளி பிடித்தது, மின்புலம் தணித்தது. இத்தகைய அடங்கிய துகள்கள் இரண்டை அருகருகே வைத்து, புவியீர்ப்பும் அணு உலகின் விதிக்கு உட்பட்டதுதானா என்று சோதிக்கலாம் என 2017-இல் இரு குழுவினர் கருத்துரைத்துள்ளனர். அச்சோதனை இன்னும் நடைபெறவில்லை. நடைபெறுமானால், நியூட்டன் காலந்தொட்டு வரும் ஒரு பெருங்கேள்விக்கு, தூசியினும் சிறிய ஒரு கண்ணாடித் துகள் சாட்சி சொல்லும்.

நமக்கென்ன பயன்?

மீண்டும் நேரத்திற்கு வருகிறேன். புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமே இந்தியத் திட்ட நேரத்தைக் காத்து வருகிறது. அங்கே சீசிய நீரூற்றுக் கடிகாரம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். லேசரால் குளிர்வித்த சீசிய அணுக்களை ஒரு திரளாக்கி, ஒளியாலேயே மேல்நோக்கி எறிவார்கள். நீரூற்றுப்போல் எழுந்து அவை விழும். குளிர்ந்த அணுக்களாதலால் சிதறிப்போவதில்லை. எழும்போது ஒரு முறையும் விழும்போது ஒரு முறையும் அவற்றின் அதிர்வைச் சோதிப்பார்கள். உலகின் சிறந்த நீரூற்றுக் கடிகாரங்கள் பல கோடி ஆண்டுகளில் ஒரு விநாடிதான் பிசகக் கூடியவை. இதனினும் நுட்பமாக, ஒற்றை இட்டெர்பிய அயனியை மின்பொறியில் நிறுத்திக் கடிகாரமாக்கும் முயற்சி புனேயில் உள்ள வானியல் ஆய்வு மையத்தில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. இவ்வகைக் கடிகாரத்தின் நுட்பம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 2010-இல் அமெரிக்காவில், ஒரே அலுமினிய அயனியைக் கொண்ட கடிகாரத்தை 33 செண்டிமீட்டர் உயர்த்தி வைத்தபோது, அது சற்றே விரைந்து ஓடியதை அளந்து காட்டினர். உயரத்தில் காலம் விரையும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது ஒரு படிக்கட்டின் உயரத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

"இத்தனை நுட்பம் சாமானியனுக்கு எதற்கு?" என்பீர்கள். ஒளி, விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 செண்டிமீட்டர் செல்கிறது. நாம் எங்கிருக்கிறோம் என்று செயற்கைக் கோள்கள் நமக்குச் சொல்வது, அவற்றின் குறிப்பொலி நம்மை எட்ட எடுக்கும் நேரத்தைக் கொண்டே. கடிகாரம் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், இடம் 300 மீட்டர் பிசகும். இரவில் கரை திரும்பும் மீன்பிடிப் படகுக்கு 300 மீட்டர் என்பது துறைமுக வாய்க்கும் பாறைக்கும் உள்ள தூரமாகலாம்.

நம் நாடு தனக்கென வழிகாட்டும் செயற்கைக் கோள்களை அமைத்தபோது, 2013-இல் ஏவிய முதற்கோளில் ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியக் கடிகாரங்களைப் பொருத்தியது. மூன்றும் பழுதாயின, இச்செய்தி 2017 ஜனவரியில் வெளிவந்தது. கோள் வானில் இருந்தது; ஆனால் நேரம் சொல்ல வாயற்றுப் போயிற்று. பிறரிடம் நேரத்தை விலைக்கு வாங்கும் நாடு, பழுது நேரும்போதும் பிறரையே எதிர்நோக்க வேண்டியிருக்கும். அதனை உணர்ந்த நம் விஞ்ஞானிகள் அகமதாபாத்தில் உள்நாட்டிலேயே ரூபிடியக் கடிகாரம் செய்து, 2023 மே 29-இல் ஏவிய கோளில் பொருத்தினர். கோளில் உள்ள அக்கடிகாரத்தின் அணுக்கள் லேசரால் குளிர்விக்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், வானில் உள்ள கடிகாரங்களைச் சரிபார்ப்பது தரையில் உள்ள கடிகாரங்களே. தரையில் உள்ளவற்றுள் தலைசிறந்தவை அடங்கிய அணுவை நம்பியே நிற்கின்றன. ஒருகாலத்தில் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கி நாட்டுக்குச் செய்த தொண்டை இன்று குளிர்ந்த அணு செய்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

அன்பர்களே! இக்கலையில் என்னை மிகக் கவர்ந்தது ஒன்று உண்டு. அணுவை அடக்கியவர்கள் அதைப் பலத்தால் நசுக்கவில்லை. அது எத்திசையில் ஓடுகிறதோ அத்திசையில், அதற்குப் புரியும் சுருதியில், அளவோடு எதிர்நின்றார்கள். ஒரு முறையன்று, பல்லாயிரம் முறை. தொடாமல் பிடித்தார்கள், வருத்தாமல் நிறுத்தினார்கள். நுண்ணிய பொருளை அறிய வேண்டுமாயின் அறிவும் பொறுமையுமே கருவிகள் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நம் குழந்தைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கல்வி கற்கிறார்கள். அது தவறன்று, வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை. ஆனால், வீட்டில் சோறும் உறவும் பேசத்தான் தமிழ், விஞ்ஞானம் பேச வேறு மொழி என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் படிந்துவிடுமானால், இரண்டு தலைமுறையில் தமிழ் அடுக்களையோடு நின்றுவிடும். அதைத் தடுக்கும் பொறுப்பு, பிறந்த மண்ணை விட்டு வந்து சங்கம் கண்ட நமக்கே அதிகம்.

காயலுக்கு அப்பால், களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒளியியலுக்கென்றே 1995-இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி ஒன்று இருக்கிறது. லேசர் ஒளியைக் கற்பதற்கு நம் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டியதில்லை. காயலைக் கடந்தால் போதும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் ஒருவரேனும் அவ்வாசலில் நுழைந்து, சில ஆண்டுகள் கழித்து இதே மேடையில் ஏறி, நான் சொன்னவற்றில் விடுபட்டதைச் சேர்த்து, மேலும் தெளிவாக, நல்ல தமிழில் பேச வேண்டும். அவ்வுரையைக் கேட்க முன்வரிசையில் நான் அமர்ந்திருப்பேன்.